ஒரு ஹார்மோனுக்கு இரண்டு செல்கள்

பாலூட்டிகளின் சினைப்பை, எஸ்ட்ராடையால் என்னும் முதன்மையான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தயாரிக்கும் முறை வியப்பூட்டுவது. பெரும்பாலான பாலூட்டிகளில் இந்த வேலையைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வகைச் செல் செய்து முடிப்பதில்லை. ஒரு வகைச் செல் பாதி வழி செய்து கொடுக்க, பக்கத்திலிருக்கும் வேறொரு வகைச் செல் மீதியை முடிக்கிறது. எந்தச் செல் எப்போது எந்தப் பங்கை ஏற்கும் என்பதைத் தீர்மானிப்பதில், இரத்தத்தில் ஓடும் ஹார்மோனின் அளவைப் போலவே, அதை உணரும் ஏற்பிகள் எங்கே அமைந்திருக்கின்றன என்பதும் முக்கியமானது.

கருமுட்டை வளரும் ஃபாலிக்கிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இந்த வேலைப் பிரிவினைக்கான காரணம் புலப்படும். முட்டையைச் சுற்றிக் கிரானுலோசா செல்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றை ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வு சூழ்ந்திருக்கிறது. சவ்வுக்கு வெளியே தீக்கா செல்கள் இருக்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் தீக்கா அடுக்குவரை மட்டுமே வருகின்றன. ஆகவே, இந்த ஹார்மோனுக்கு மூலப்பொருளான கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். போன்ற பெரிய துகள்கள் தீக்கா செல்களுக்கு எளிதில் கிடைக்கின்றன. சவ்வுக்கு உள்ளே இருக்கும் கிரானுலோசா செல்களை அவை எட்டுவது அரிது.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எல்.ஹெச். ஹார்மோனுக்கான ஏற்பிகள், தொடக்கத்தில் தீக்கா செல்களின் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. ஹார்மோன் வந்து பிணைந்ததும், செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூறு பெருகுகிறது. அதன் விளைவாக, ஸ்டார் எனப்படும் புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டு சேர்க்கிறது. கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் இத்தகைய ஸ்டீராய்டு ஹார்மோன்களின் தயாரிப்பு முழுவதிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் படி இதுவே. அங்கே 27 கார்பன் அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ரால் வெட்டப்பட்டு, 21 கார்பன் கொண்ட பிரெக்னெனோலோனாகிறது. பின்னர் வேறு நொதிகள் அதை 19 கார்பன் கொண்ட ஆண்ட்ரோஸ்டீன்டையோனாக மாற்றுகின்றன. இது ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. இதை ஈஸ்ட்ரோஜனாக்கும் அரோமடேஸ் நொதி தீக்கா செல்களில் மிகக் குறைவு.

ஆண்ட்ரோஸ்டீன்டையோன் சவ்வைக் கடந்து கிரானுலோசா செல்களுக்குள் செல்கிறது. இந்தச் செல்களில், பிட்யூட்டரி சுரக்கும் மற்றொரு ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச்.-க்கான ஏற்பிகள் இருக்கின்றன, அந்த ஹார்மோனின் தூண்டுதலால் அரோமடேஸ் பெருகி, 18 கார்பன் கொண்ட ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. இரண்டு ஏற்பிகளும் முதன்மையாகப் பயன்படுத்துவது அதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான், ஆனால் எந்த மரபணுக்கள் செயல்படத் தயாராக உள்ளன என்பது செல்லுக்குச் செல் வேறுபடுவதால், ஒரே தூது இரண்டு இடங்களில் இரண்டு வேலைகளை முடுக்குகிறது.

இந்தக் கூட்டுழைப்பை 1959-இல் சுவீடனைச் சேர்ந்த பெங்ட் ஃபால்க் நேர்த்தியாகக் காட்டினார். எலியின் சினைப்பையிலிருந்து எடுத்த நுண்ணிய திசுத் துண்டுகளை, எலிக் கண்ணின் முன்னறையில், யோனித் திசுவின் ஒரு துணுக்கோடு சேர்த்து அவர் பதியவைத்தார். ஈஸ்ட்ரோஜன் பட்டால் யோனித் திசு தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால், மிகச் சிறிய அளவு ஹார்மோனையும் அது காட்டிக்கொடுத்துவிடும். கிரானுலோசா செல்கள் தனித்திருந்தபோது அந்த மாற்றம் தெரியவில்லை. தீக்கா செல்களும் அருகிலிருந்தபோது தெரிந்தது. பின்னாளில் மனிதர்களிடமும் இதற்குச் சான்று கிடைத்தது. எல்.ஹெச். சுரப்பே மிகக் குறைந்த பெண்களுக்கு எஃப்.எஸ்.ஹெச். மட்டும் கொடுக்கப்பட்டபோது ஃபாலிக்கிள்கள் வளர்ந்தன. எஸ்ட்ராடையால் அளவோ மிகத் தாழ்வாகவே இருந்தது.

என் பார்வையில் இந்தக் கதையின் மிக நுட்பமான பகுதி, ஏற்பிகள் புதிய இடத்தில் தோன்றும் கட்டம்தான். ஒவ்வொரு சுழற்சியிலும் பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. அவை சுரக்கும் எஸ்ட்ராடையாலும் இன்ஹிபின் என்னும் புரதமும் பிட்யூட்டரியை அடக்குவதால், எஃப்.எஸ்.ஹெச். அளவு குறைகிறது. பெரும்பாலானவை அந்தப் பற்றாக்குறையைத் தாங்க முடியாமல் அழிகின்றன. முன்னணியில் இருக்கும் ஃபாலிக்கிளின் கிரானுலோசா செல்களோ, எஃப்.எஸ்.ஹெச்.-க்கு நன்கு எதிர்வினையாற்றுபவையாக இருப்பதுடன், அதே ஹார்மோனின் தூண்டுதலால் எல்.ஹெச். ஏற்பிகளையும் தம் மேற்பரப்பில் உருவாக்கிக்கொள்கின்றன. அதனால் ஒன்று குறையும்போது மற்றொன்றைக் கொண்டு அவை தொடர்ந்து வளர முடிகிறது.

மனிதரில் இந்த ஃபாலிக்கிள் சுரக்கும் எஸ்ட்ராடையால், இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 200 பிகோகிராமைத் தாண்டிச் சுமார் இரண்டு நாள் நீடித்தால், அதுவரை அடக்கிவந்த அதே ஹார்மோன் எல்.ஹெச். பெருக்கைத் தூண்டிவிடுகிறது. கிரானுலோசா செல்களில் முன்கூட்டியே அமைந்த எல்.ஹெச். ஏற்பிகள் அந்தப் பெருக்கை ஏற்று, முட்டை வெளியேறுவதற்கும், எஞ்சிய ஃபாலிக்கிள் கார்பஸ் லூட்டியம் என்னும் தற்காலிகச் சுரப்பியாக உருவாவதற்கும் வழிசெய்கின்றன. அடித்தளச் சவ்வு சிதைந்து இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைவதால், இப்போது எல்.டி.எல். கொலஸ்ட்ரால் அந்தச் செல்களுக்கு நேரடியாகக் கிடைக்கிறது. கருப்பையைக் கருவுக்குத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது. கருவுற்றால், கரு சுரக்கும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனும் அதே எல்.ஹெச். ஏற்பியில் பிணைந்து, கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றுகிறது.

மருத்துவம் இந்த அமைப்பை இரண்டு இடங்களில் தொடுகிறது. முட்டை வெளியேறாத பெண்களுக்குத் தரப்படும் குளோமிஃபீன், மூளையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளை அடைத்துக்கொண்டு, ஹார்மோன் இருந்தும் இல்லாததுபோல் உணரவைக்கிறது. லெட்ரோசோல் ஏற்பிகளைத் தொடுவதில்லை. அரோமடேஸைத் தடுத்து ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கிறது. இரண்டு வழியிலும் பிட்யூட்டரி கூடுதல் எஃப்.எஸ்.ஹெச். சுரக்கிறது. ஆனால் லெட்ரோசோல் உடலை விட்டு விரைவில் நீங்குவதாலும், ஏற்பிகள் தடையின்றி இருப்பதாலும், ஃபாலிக்கிள் வளர்ந்து எஸ்ட்ராடையால் உயரும்போது மூளை அதை வழக்கம்போல் உணர்ந்து எஃப்.எஸ்.ஹெச்.-ஐக் குறைத்துவிட முடிகிறது. அதனால் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபாலிக்கிள் முதிர்ச்சி அடைகிறது.