கிரீன் டீ எரிக்கும் ஓர் இட்லி

நாம் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கும் டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை நசுக்கிக் காற்றுப்பட விட்டால், உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலையைத் தொடங்கும். பச்சை கறுக்கும், மணம் மாறும். நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வகை நொதியால்தான். கிரீன் டீ தயாரிப்பில் இதற்கு இடமே கொடுப்பதில்லை. பறித்த கையோடு, ஜப்பானில் ஆவியிலும் சீனாவில் பெரும்பாலும் சட்டியிலும் இலையைச் சூடாக்கி நொதியை முடக்கிவிடுகிறார்கள். அதனால் கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருள்கள் அழியாமல் தங்குகின்றன. அவற்றில் முக்கியமானது இஜிசிஜி. கிரீன் டீ குடித்தால் எடை குறையும் என்ற பேச்செல்லாம் இதைச் சுற்றித்தான்.

சேமித்த கொழுப்பை வெளியே எடு என்ற உத்தரவு நரம்பிலிருந்து வருகிறது. அதைக் கொண்டு வரும் வேதிப்பொருள் நார்அட்ரினலின். அது கொழுப்பு செல்லைத் தொட்டதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற இன்னொரு பொருள் உருவாகி, கொழுப்பை உடைக்கும் நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் உத்தரவு வெகுநேரம் நீடித்தால் உடலுக்கு ஆகாது. ஆகவே நார்அட்ரினலினை அழிக்க ஒரு நொதி, சைக்ளிக் ஏஎம்பியை அழிக்க வேறொரு நொதி என்று இரண்டு இடத்தில் தடை வைத்திருக்கிறது. சோதனைக் குழாயில் இஜிசிஜி முதல் தடையைத் தளர்த்துகிறது, கஃபீன் இரண்டாவதைத் தளர்த்துகிறது. கிரீன் டீயில் இரண்டுமே இருக்கின்றன. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். அத்தனை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் நாம் குடிக்கும் இஜிசிஜியில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது.

அப்படியானால் மனித உடலில் என்ன நடக்கிறது? 1999இல் ஆய்வாளர் அப்துல் துலூவின் குழுவினர் சுவிட்சர்லாந்தில் இதை அளந்தார்கள். 10 இளைஞர்களை ஓர் அறையில் 24 மணி நேரம் இருக்க வைத்து, உள்ளே போகும் ஆக்ஸிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்ஸைடையும் கணக்கிட்டார்கள். எவ்வளவு சக்தி செலவாகிறது, அதில் கொழுப்பின் பங்கு எவ்வளவு என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். கிரீன் டீ சாறு கொடுத்த நாளில் செலவு 4 சதவீதம் கூடியது, கொழுப்பின் பங்கும் உயர்ந்தது. அதே அளவு கஃபீனை மட்டும் கொடுத்தபோது இந்த மாற்றம் இல்லை. ஆக, கஃபீனை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

சரி, அந்த 4 சதவீதம் எவ்வளவு? ஒரு நாளைக்கு 80 கலோரிக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் கொஞ்சம் பெரிய ஓர் இட்லி. அதுவும் எடையில் அப்படியே தெரிவதில்லை. 12 வாரமாவது நடந்த ஆய்வுகளை 2012இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில், கிரீன் டீ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே எடைக் குறைவில் கிடைத்த சராசரி வித்தியாசம் 40 கிராம். கிலோ அல்ல, கிராம்.

இருந்தும் கிரீன் டீக்கு மாறிச் சிலர் இளைப்பது உண்மை. அவர்கள் கைவிட்ட டீயைப் பாருங்கள். இரண்டு டீஸ்பூன் சர்க்கரையே 30, 40 கலோரி. 100 மில்லி பாலில் இன்னும் 60. அப்படி இரண்டு கப்பை நிறுத்தினாலே, அந்த அறையில் அளந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம். இதே காரணத்தால் கிரீன் டீயில் ஒரு மேசைக்கரண்டி தேன் ஊற்றினால் 60 கலோரி திரும்ப வந்து உட்கார்ந்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மாத்திரைகள். ஒரு கப்பில் இஜிசிஜி சுமார் 50 முதல் 100 மில்லிகிராம். செறிவூட்டிய மாத்திரையில் இது பல மடங்கு இருக்கலாம். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு இன்னும் ஏறும். தினமும் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. வழக்கமாகப் போட்டுக் குடிக்கும் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் சொன்னது.

அப்புறம், சாப்பாட்டோடு கிரீன் டீ வேண்டாம். கேட்டசின்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரும் அளவைக் குறைத்துவிடும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம்.