கொழுத்த சிப்பிக்குள் என்ன இருக்கிறது?

ஆய்வகத்துக்குச் சிப்பி, மட்டி மாதிரிகளைக் கொண்டு வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “எல்லாம் உயிரோடு, நன்றாகக் கொழுத்துத்தானே இருக்கின்றன? அப்புறம் எதற்குப் பரிசோதனை?” செத்து ஒதுங்கிய சிப்பியை யாரும் தின்னப் போவதில்லை. எனக்குக் கவலை, உள்ளே நச்சு உலோகம் சேர்ந்திருந்தும் வெளியே தெரியாத இந்தக் கொழுத்த சிப்பிதான்.

இவை ஒரே இடத்தில் ஒட்டியோ புதைந்தோ வாழ்பவை. செவுள் வழியாக நீரை இழுத்து, அதிலுள்ள நுண்பாசியைச் சலித்துத் தின்னும். கைக்குள் அடங்கும் ஒரு சிப்பி மணிக்குச் சில லிட்டர் நீரைச் சலித்துவிடும். நீரில் கரைந்த உலோகமும் சேற்றுத் துகளில் ஒட்டிய உலோகமும் அதே வழியில் உள்ளே போகின்றன. நீரில் மிகச் சொற்பமாக இருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம், சதையில் ஆயிரக்கணக்கான மடங்கு செறிந்திருக்கும். அதனால்தான் நீரை மட்டும் சோதித்த அறிக்கையைக் காட்டி ‘கடல் சுத்தம்’ என்றால் நான் ஏற்பதில்லை. அமெரிக்கா 1986 முதல் தன் கரையோர மாசை அளக்கச் சிப்பிகளின் உடலையே சோதித்து வருவதும் இந்தக் காரணத்தால்தான்.

இவ்வளவு ஏறியும் ஏன் சாவதில்லை? மெட்டல்லோதயோனின் என்ற சிறு புரதம் காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. மீதியைச் சில செல்கள் மணிமணியாகத் திரட்டி ஒதுக்கி வைக்கின்றன. செம்பு அளவு மீறினால் சதையே பச்சையாகிவிடும். 1986இல் தைவான் கரையில் அப்படி ஆனது. (பச்சையெல்லாம் செம்பு என்றும் நினைக்க வேண்டாம், ஒருவகை நுண்பாசியைத் தின்றாலும் செவுள் பச்சையாகும்.) காட்மியமும் பாதரசமும் இப்படி நிறம் மாற்றிக் காட்டுவதில்லை.

இந்தத் தற்காப்புக்குச் செலவாவது, வளர்வதற்கும் முட்டையிடுவதற்கும் வேண்டிய சக்தி. முதலில் அடிபடுவது குஞ்சுகள். வளர்ந்த சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் தப்பிக்கும், முட்டையிலிருந்து வந்து நீரில் மிதக்கும் குஞ்சான இளம்புழுவால் அது முடியாது. ஒரு லிட்டர் நீரில் பத்து, இருபது மைக்ரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே அதன் ஓடு கோணலாகிப்போகும்.

பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் 1970களின் பிற்பகுதியில் சிப்பி வளர்ப்பவர்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். படகு அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசிய பூச்சில் டிரைபியூட்டில் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. அது கசிந்ததில் சிப்பி ஓடுகள் தாறுமாறாகத் தடித்தன, குஞ்சுகள் தங்கவில்லை. வேறு கரைகளில் பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 1982இல் பிரான்ஸ் சிறிய படகுகளுக்கு அந்தப் பூச்சைத் தடுத்த பின் விரிகுடா மீண்டது. உலக அளவிலான தடை நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கவே கூடாது.

சரி, சாப்பிடுபவருக்கு? ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அடையாளம் காணப்பட்ட நோய்க்குக் காரணம், ஆலைக் கழிவிலிருந்து மீனிலும் சிப்பியிலும் சேர்ந்த மெத்தில் பாதரசம். இன்னமும் பலர் ‘நன்றாக வேகவைத்தால் போய்விடும்’ என்கிறார்கள். போகாது. கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். விற்பதற்கு முன் சிப்பிகளைச் சுத்த நீரில் ஓரிரு நாள் விட்டுவைப்பதும் பாக்டீரியாவைக் குறைப்பதற்குத்தான். காட்மியம் மனிதச் சிறுநீரகத்தில் சேர்ந்தால், அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி, மட்டி வகைகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம்வரைதான் அனுமதிக்கிறது. நண்டில் கால் சதையைவிட ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதியில்தான் இது அதிகம் சேரும். அதை எடுத்துவிடுவது எளிது. சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

மாதிரி கொண்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் உண்டு. எந்த மாதம் எடுத்தது? முட்டையிட்ட பின் சதை மெலிவதால், அதே உலோகம் அதிகச் செறிவாகத் தெரியும். எல்லாம் ஒரே அளவா? பக்கத்தில் சமீபத்தில் தூர் வாரினார்களா? வாரியிருந்தால் பல ஆண்டுகளாக அடியில் படிந்த உலோகம் கிளம்பி மறுபடி நீரில் கலந்திருக்கும். அப்படியென்றால் ஒரு மாதிரி போதாது, சில மாதங்களுக்குத் தொடர்ந்து எடுத்து வரச் சொல்வேன்.