"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற வாக்கும் அதன் விலையும்

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தரலாமா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும், "அப்படித் தந்தால் சமுதாயம் என்ன ஆகும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. குடும்பம் என்ற அமைப்பின் மீது அக்கறை உள்ள எவருக்கும் எழக்கூடிய நியாயமான கேள்வி அது. ஆனால் அந்த ஏற்பு இல்லாத நிலையில் குடும்பங்களுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மனநல மருத்துவர் என்ற முறையில் நான் அன்றாடம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். தூக்கமின்மைக்கு மருந்து கேட்டு ஒரு பெண் வந்தார். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவர் நல்லவர், கடிந்து ஒரு சொல் பேசாதவர், ஆனால் தன்னை நெருங்குவதில்லை என்றார். தன் தோற்றத்தில்தான் ஏதோ குறை என்று நம்பி, சாப்பாட்டைக் குறைத்து, கண்ணாடி பார்ப்பதையே நிறுத்தி, கடைசியில் உயிரோடு இருப்பதில் பயனில்லை என்ற எண்ணம்வரை அவர் வந்திருந்தார். சில வாரங்கள் கழித்துக் கணவரும் வந்தார். பதினைந்து வயதிலிருந்தே தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பதையும், பெற்றோரிடம் அதைச் சொன்னபோது "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறி அவசரமாகப் பெண் பார்த்ததையும் தலைகுனிந்தபடி சொன்னார். அவர் சொன்னதை நான் அந்தப் பெண்ணிடம் வெளியிட முடியாது. அவரே சொல்லத் துணிவதற்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. அன்று அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

இவர்களைப் போன்ற தம்பதியரை என் பணிக்காலத்தில் பலமுறை சந்தித்திருக்கிறேன். ஏமாற்றும் எண்ணத்தோடு மணந்தவர்கள் அவர்களில் அரிது. தான் யார் என்பதைச் சொல்லிக்கொண்டு மதிப்போடு வாழ ஒரு வழியும் இல்லாததால், கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழியில் தள்ளப்பட்டவர்கள்தான் மிகுதி. திருமணம் என்ற அமைப்பைக் காக்கவே தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கிறோம் என்பவர்கள், இப்படி உள்ளுக்குள் நொறுங்கும் திருமணங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

திருமணம் ஒரு மருந்து என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் இடமில்லை. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. நோயே இல்லை என்னும்போது குணப்படுத்த எதுவும் இல்லை. ஊசி, மாத்திரை, அச்சுறுத்தல், பிரார்த்தனை என எதைக் கொண்டும் ஈர்ப்பை மாற்ற முயல்வது மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்தான் கூட்டுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்து முதன்முதலாகத் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது. இன்று 35-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது செல்லும். போன வழிகள் வேறு வேறு. அயர்லாந்தில் 2015-இல் மக்கள் வாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினர் ஆதரித்தனர். தைவானில் 2017-இல் நீதிமன்றம் ஆணையிட்டது, 2018 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் எதிர்த்தனர், ஆனாலும் 2019-இல் தனிச்சட்டம் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இதை அடிப்படை உரிமையாக ஏற்க மறுத்து, முடிவைச் சட்டமியற்றும் அவைக்கு விட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது.

ஆண், பெண் திருமணங்கள் இதனால் நலிந்தனவா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2004-இல் ஏற்றதிலிருந்து இருபது ஆண்டுக்கால ஆய்வுகளை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2024-இல் தொகுத்துப் பார்த்தது; மற்றவர்களின் திருமணமோ மணமுறிவோ இதனால் பாதிக்கப்பட்டதாகச் சான்று கிடைக்கவில்லை. மேலை நாடுகளில் திருமணங்கள் குறைந்துவருவது உண்மைதான், ஆனால் அந்தச் சரிவு இந்தச் சட்டங்களுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. குழந்தைகளைப் பற்றிய கவலைக்கும் இதே பதில்தான்: பெற்றோரின் பாலினத்தைவிட, வீட்டின் அமைதியும் அன்பும் நிலைத்தன்மையுமே பிள்ளையின் மனநலத்தை உருவாக்குகின்றன என்பதால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-இல் இத்திருமணங்களை வெளிப்படையாக ஆதரித்தது. சமயத் தலைவர்களின் அச்சத்தையும் நான் ஒதுக்கவில்லை. கனடாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், தம் நம்பிக்கைக்கு ஒவ்வாத திருமணத்தை நடத்த மறுக்கும் சுதந்திரம் சமயக் குருமார்களுக்கு உண்டு என்று எழுத்திலேயே தந்திருக்கிறது. அரசு பதிவு செய்வதும் சமயம் ஆசி வழங்குவதும் ஒன்றல்ல.

சட்டம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். டென்மார்க், சுவீடன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை, பதிவு செய்த துணையுறவிலோ திருமணத்திலோ இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. 2002 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், அடுத்த காலப் பகுதியில் தன்பாலினத் தம்பதியரிடையே தற்கொலை 46 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றத் தம்பதியரிடையே 28 விழுக்காடு. எனினும் அந்த ஆய்வுக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், தன்பாலினத் தம்பதியருக்கான ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. அரசு ஏற்றுக்கொண்ட பின்னும், சிறுவயதில் வீட்டிலும் பள்ளியிலும் வாங்கிய காயங்கள் ஆறிவிடுவதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால்தான் பெற்றோரிடம் இதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை தனக்குத் தன்பால் ஈர்ப்பு என்று சொன்ன நாளில் உங்களுக்கு அழுகை வரலாம், கோபம் வரலாம், ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் வரலாம். அவற்றை என்னைப் போன்ற மருத்துவரிடம் வந்து கொட்டுங்கள், பிள்ளையின் மீது கொட்டாதீர்கள். உடனே ஏற்க முடியாவிட்டால், "எனக்குப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும், ஆனால் நீ என் பிள்ளைதான்" என்று சொன்னால்கூட அந்த இரவை அவர் கடந்துவிடுவார். எந்தக் காரணத்துக்காகவும் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கத் தொடங்காதீர்கள். நான் மேலே சொன்ன பெண் இப்போது மணமுறிவு பெற்றுத் தனியாக வாழ்கிறார், தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குகிறார். அவருடைய முன்னாள் மாமியார் மட்டும் இன்னும் என்னிடம் வருகிறார். மகனைக் காப்பாற்றுவதாக நினைத்து வேறொருவர் வீட்டுப் பெண்ணின் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டேனே என்பதுதான் அவருடைய தீராத துயரம்.