கண்டோன்மென்ட்: கலைந்த பாளையத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

வில்லியம்ஸ் ரோடு, கண்டோன்மென்ட், திருச்சி 620001 என்று உறையில் எழுதிப் பெட்டியில் போட்டால் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் அந்தக் கண்டோன்மென்ட்டில் வந்து இறங்குகிறவர் கண்ணில் படுவது பட்டாளம் அல்ல, பஸ். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட், லாட்ஜுகள், டிராவல்ஸ் ஆபீஸ்கள், ஒன்றையடுத்து ஒன்றாகச் சாப்பாட்டுக் கடைகள். நிர்வாகம் மாநகராட்சியுடையது. படை எப்போதோ பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டது, சொல் மட்டும் விலாசத்தில் தங்கிவிட்டது. அதையும் ஒரே மாதிரி எழுத யாருக்கும் மனம் வரவில்லை. கண்டோன்மென்ட், கன்டோன்மெண்ட், கண்டோன்மெண்ட் என்று கடைக்குக் கடை பலகை மாறும்.

சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. மூலத்தில் இருப்பது ‘காண்டன்’. மூலை, நிலத்தின் ஒரு துண்டு என்று பொருள். ஸ்விட்சர்லாந்தின் மாநிலங்களைக் காண்டன் என்கிறோமே, அதே சொல்தான். படையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊர் ஊராகத் தங்கவைப்பதைக் குறிக்க அதிலிருந்து ஒரு வினை பிறந்தது, அந்த வினையிலிருந்து கண்டோன்மென்ட். ஆக, பிறந்த இடத்தில் இது தற்காலிகத் தங்கலைத்தான் சொன்னது. மழைக்கு ஒதுங்குவது போல, அடுத்த போர் வரைக்கும் ஒதுங்குவது.

இந்தியாவுக்கு வந்ததும் சொல் கால் ஊன்றிக்கொண்டது. கல்கத்தாவுக்கு அருகே பராக்பூரில் 1765இல் கம்பெனி அமைத்த பாளையத்தை முதல் கண்டோன்மென்ட் என்பார்கள். அதன் பின் இந்தச் சொல்லுக்கு இங்கே புதிதாக ஒரு பொருள் ஏறியது. அது வெறும் படைவீடு அல்ல. சிப்பாய் இருந்தால் அவனுக்குத் துணி வெளுக்க, சவரம் செய்ய, அரிசி விற்க ஆள் வேண்டும். சதர் பஜார் என்ற கடைவீதி வந்தது, கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் வந்தன. இத்தனையும் சேர்ந்த ஊரை ஆள ஒரு வாரியம். அதற்கெனத் தனிச் சட்டம், 1924இல் ஒன்று, அதற்குப் பதிலாக 2006இல் இன்னொன்று. வாரியத்தின் தலைவர் அந்த ஊரின் படை அதிகாரி. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மனு அவர் தலைமையிலான வாரியத்துக்குத்தான் போக வேண்டும்.

நில விவகாரம் இதைவிடச் சிக்கல். பழைய பங்களாக்கள் பலவற்றுக்கு ‘ஓல்டு கிராண்ட்’ என்றொரு முறை உண்டு. 1836ஆம் ஆண்டின் கவர்னர் ஜெனரல் ஆணையில் வேர் கொண்டது. கட்டடம் உங்களுடையது, அடியில் இருக்கும் மண் சர்க்காருடையது. ஒரு மாத அறிவிப்பு தந்து, கட்டடத்துக்கான விலையைக் கொடுத்துவிட்டு மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவரும் ‘என் இடம்’ என்று வாய் நிறையச் சொல்ல முடியாது.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், கண்டோன்மென்ட் ‘மூடப்பட்டது’ என்று செய்தி வரும்போது நம்மில் பலர் படை காலி செய்துவிட்டதாகப் புரிந்துகொள்கிறோம். இமாசலப் பிரதேசத்தில் தரம்சாலாவுக்குப் பக்கத்தில் காஸ் யோல் என்றோர் ஊர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம். 2023 ஏப்ரலில் அதன் கண்டோன்மென்ட் தகுதி நீக்கப்பட்டது. நாட்டில் 62 ஆக இருந்த எண்ணிக்கை 61 ஆனது. படை அங்கேயேதான் இருக்கிறது. அதன் பகுதி ‘மிலிட்டரி ஸ்டேஷன்’ ஆயிற்று, பொதுமக்கள் பகுதி உள்ளாட்சிக்குப் போயிற்று. கலைந்தது வாரியம். தமிழ்நாட்டின் பரங்கிமலை–பல்லாவரம், வெலிங்டன் இரண்டைப் பற்றியும் இப்படிச் செய்தி எழுத வேண்டி வந்தால், படையா வாரியமா, எது போகிறது என்பதைத் தலைப்பே சொல்லிவிட வேண்டும்.

பெங்களூரு இன்னொரு வகை. திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய கம்பெனிப் படையைக் காய்ச்சல் வாட்டியது. 1809இல் அல்சூர்ப் பக்கம் புதிய பாளையம் எழுந்தது. மதராஸ் படையோடு வந்த தமிழர்கள் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். 1947 ஜூலை 26இல் அந்தப் பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது, 1949இல் பழைய நகரத்தோடு ஒரே மாநகராட்சியானது. அணிவகுப்புத் திடலை ஒட்டிய சவுத் பரேடு இன்று எம்.ஜி. ரோடு. ரயில் நிலையம் மட்டும் இன்றும் கண்டோன்மென்ட்.

அந்தப் பகுதியைக் கன்னடர் ‘தண்டு’ என்றார்கள். அது நமக்கும் சொந்தச் சொல். தண்டு என்றால் படை, படைத்தலைவன் தண்டநாயகன், படை வந்து தங்கினால் ‘தண்டு இறங்கியது’. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையிலிருக்கும் தண்டு மாரியம்மன் பெயருக்கும், திப்புவின் வீரர்கள் அங்கே தண்டு இறங்கியதையே காரணமாகச் சொல்கிறார்கள். வாழைத்தண்டை நினைத்துக் குழம்பியவர்களில் சின்ன வயதில் நானும் ஒருவன்.

கண்டோன்மென்ட்டைத் தமிழில் சொல்லப் பழைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. முல்லைப்பாட்டில் அரசனின் படை காட்டுக்குள் பிடவம்புதரை வெட்டிச் சாய்த்து, முள்ளால் மதில் வளைத்து, கடல் போலப் பரந்து கிடக்கும். அந்த இடத்துக்கு அங்கே பெயர் ‘பாடி’. ஆனால் ஆயர்பாடி வந்த பிறகு பாடிக்குப் படை வாசனை போய்விட்டது. பாசறை, கட்டூர் இரண்டும் போர்க்காலத் தங்கல்கள். போதாக்குறைக்குப் பாசறையை இப்போது கட்சிகளின் இளைஞர் அணிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. முகாம் அரபுச் சொல், ரத்ததானத்துக்கும் கண் சிகிச்சைக்கும் நேர்ந்துவிட்டது. ‘ராணுவக் குடியிருப்பு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அதில் சதர் பஜாரும் இல்லை, வாரியமும் இல்லை.

என் ஓட்டு பாளையத்துக்கு. படை தங்கும் இடம் என்பது ஒரு பொருள். ‘பாளையம் இறங்கினார்கள்’ என்று பைபிள் தமிழில் கேட்டிருப்பீர்கள். படையை வைத்திருக்கும் ஒருவர் வரி வாங்கி ஆளும் ஊர்த்தொகுதி என்பது இன்னொரு பொருள். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்கள் அப்படிப்பட்டவை. படையும் ஆட்சியும் ஒரே கையில் இருக்கிற இந்த இரட்டைத்தன்மைதான் இந்தியக் கண்டோன்மென்ட்டின் சாரம், வேறெந்தத் தமிழ்ச்சொல்லிலும் அது இல்லை. பாளையக்காரர்களை ஒழித்த கம்பெனியின் தங்கலுக்கே அந்தப் பெயரா என்று ஒருவர் முகம் சுளிக்கலாம். சுளிப்பு நியாயமானதுதான். ஆனாலும் பொருத்தமான சொல்லை அதற்காக விட்டுவிட முடியுமா? மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று ஊர்ப்பெயர்களில் தேய்ந்து கிடப்பதால் குழப்பம் வரும் என்றால், ‘படைப்பாளையம்’ என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். வாரியத்துக்குப் பாளைய வாரியம்.

மூடலுக்கு என்ன சொல்வது? விமானத்தளம், கடற்படைத்தளம் போன்றவற்றைப் படை விட்டுப் போனால் ‘தளம் மூடல்’ போதும். வாரியம் மட்டும் போனால் ‘பாளையம் கலைத்தல்’. காலியான இடத்தில் வேறு கட்டுவதை ‘மறுமேம்பாடு’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் பழைய தமிழில் இதற்கு ஒரு கொடூரமான முன்னோடி இருந்தது. தோற்ற பகைவனின் கோட்டையை இடித்து, கழுதை பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைப்பார்கள். புறநானூற்றில் வரும் காட்சி இது. இலக்கணத்தில் இதற்குத் துறைப்பெயரே உண்டு, ‘உழுது வித்திடுதல்’. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய வெள்ளைக்காரன் அங்கே ஆமணக்கு விதைத்தான் என்று தென்பாண்டிச் சீமையில் சொல்வார்கள்.

இன்று விதைப்பது அடுக்குமாடி. அதற்கு மறுமேம்பாடே இருக்கட்டும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதிரி வாக்கியம்: ‘காஸ் யோல் படைப்பாளையம் கலைக்கப்பட்டது, படை நிலையம் தொடர்கிறது, பொதுமக்கள் பகுதி உள்ளாட்சியில் சேர்ந்தது.’ திருச்சிக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் கண்டோன்மென்ட் என்றே எழுதுங்கள். பாளையம் என்று எழுதினால் தபால்காரர் எந்தப் பாளையம் என்று கேட்பார்.