இசோல்டே எங்கும் ஓடிவிட மாட்டாள்

இருபத்திரண்டு வயதில், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் (இசை நாடகத்தில்) வரும் கனமான வேடமான புரூன்ஹில்டேயைப் பாடிப் பார்த்துவிட்டு, மூன்று வாரமாகக் கரகரப்பு என்று இளம் பாடகிகள் வருகிறார்கள். தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தால், இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே சின்ன முண்டுகள். இதையே எத்தனை தடவை பார்ப்பது?

டிரமாடிக் சொப்ரானோ (இப்படிப்பட்ட வேடங்களுக்கான கனமான உச்சப் பெண்குரல்) என்றால் தொண்டை கிழியப் பாட வேண்டும் என்ற எண்ணம்தான் குரல்களைக் கெடுக்கிறது. மைக் இல்லாமல் நூறு வாத்தியங்களைத் தாண்டிக் கேட்பது பலத்தால் அல்ல. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸை ஒட்டித் திரண்டிருக்கும். மேலே போகப் போக மெலியும். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் நெரிசல் குறைவு. தேர்ந்த குரல் அந்த இடைவெளியில் புகுந்து வருகிறது. உச்ச ஸ்தாயியிலோ தாடையை இறக்கி, வாய்க்குழியின் அதிர்வை ஸ்வரத்தோடு பொருத்திக்கொள்கிறார்கள். அங்கே சொற்கள் மங்குவது அதனால்தான். உச்சரிப்புக் குறை அல்ல. மேல் 'சி' என்ற உச்ச ஸ்வரத்தில் நாண்கள் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மோதுகின்றன. அப்போது போய் இறுக்கலாமா?

ஓபரா பாடகி கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் 1913-இல் நார்வேயில் மேடையேறினார். ஆபரெட்டா (இலகுவான இசை நாடகம்), லேசான வேடங்கள் என்றே ஆண்டுகள் போயின. வாக்னரின் இன்னொரு கனமான வேடமான இசோல்டேயை முதலில் பாடியது 1932-இல், 36 வயதில். இன்னொரு பாடகி பிர்கிட் நில்சன் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இசோல்டேயாக அறிமுகமானபோது வயது 41. மறுபக்கம் ஜியூசெப்பினா ஸ்ட்ரெப்போனி. 1842-இல் இத்தாலியின் லா ஸ்காலா அரங்கில், வெர்டியின் 'நபுக்கோ' ஓபராவில் வரும் அபிகாயிலே வேடத்தை முதன்முதலில் ஏற்றவர் அவர். ஓய்வில்லாமல் பாடிப் பாடி, 26 வயதிலேயே குரல் தேய்ந்திருந்தது.

தினமும் காலையில் ஒரு சோதனை. ஐந்து ஸ்வரங்களை மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக, தொட்டிலில் குழந்தை தூங்குவது போல மெல்லப் பாடுங்கள். அரை அரை ஸ்வரமாக ஏற்றுங்கள். எங்கே ஒலிக்கு முன்னால் காற்று வருகிறதோ அதைக் குறித்து வையுங்கள். அந்த எல்லை இறங்கினால் நாண் வீங்கியிருக்கிறது. அன்று ஒத்திகையில் முழுக் குரல் வேண்டாம். சத்தமாகப் பாட முடிகிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். வீக்கத்தைச் சத்தம் மறைத்துவிடும்.

பாடும்போது திடீரென்று குரல் போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நாணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். கிசுகிசுப்பதும் ஓய்வு அல்ல. மேடைக்கு முன் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடவே கூடாது. நாணைப் பார்க்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய கரகரப்பு என்றால், தயவுசெய்து ஸ்ட்ரோபோஸ்கோப்பி (மின்னும் ஒளியில் நாண்களின் அதிர்வைப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்துவிடுங்கள்.