தவிட்டு எண்ணெய்க்கு மாறினால் மாத்திரையை நிறுத்தலாமா?

"எண்ணெயை மாத்திட்டோம் மேடம், அதான் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டோம்." இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஓராண்டு கூட ஆகாத ஒருவரின் மனைவி போன வாரம் என்னிடம் சொன்னது இது. கையில் இருந்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168. மாத்திரை எடுத்த காலத்தில் 80-ஐ ஒட்டி இருந்தது, அதையே இன்னும் குறைக்க வேண்டியிருந்தது. தவிட்டு எண்ணெயில் இருக்கும் தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ரால் மாதிரியான ஒரு பொருள்) கொழுப்பைக் கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். இதே கதையோடு எத்தனை பேர்தான் வருவார்கள்!

தாவர ஸ்டெரால் என்பது பொய்யில்லை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். தினமும் 2 கிராம் அளவு சாப்பாட்டோடு எடுத்தால், சில வாரங்களில் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறையும். பின்லாந்தில் 1995-லேயே இதே வகையைச் சேர்ந்த ஸ்டனால் கலந்த மார்கரின் (வெண்ணெய்க்குப் பதில் ரொட்டியில் தடவுவது) கடைக்கு வந்துவிட்டது. ஆனால் மாரடைப்பே குறைகிறது என்று நிரூபித்த பெரிய ஆய்வு இதுவரை இல்லை.

சிக்கல் அந்த 2 கிராமில்தான். நம் அன்றாடச் சாப்பாட்டில் கிடைப்பது சில நூறு மில்லிகிராம். ஸ்டெரால் அதிகம் உள்ளது என்று பெயர் வாங்கிய தவிட்டு எண்ணெயிலேயே 2 கிராம் வேண்டுமென்றால் சுமார் 170 கிராம் குடிக்க வேண்டும். அதாவது 1,500 கலோரி! நல்லெண்ணெய் என்றால் 200 கிராமுக்கும் மேல். நிலக்கடலை என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. சாப்பிட முடியுமா, சொல்லுங்கள்?

அப்புறம் அந்த 'கொலஸ்ட்ரால் இல்லை' லேபிள். இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் இருப்பது. கடலை எண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் எதிலுமே சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இல்லாததை 'இல்லை' என்று அச்சடித்து விற்கிறார்கள், நாமும் அதை நம்பிக் கூட ஒரு கரண்டி ஊற்றுகிறோம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும், பாமாயிலில் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். நீங்கள் பார்க்க வேண்டிய அந்த நிறைவுற்ற கொழுப்பின் வரி பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. எண்ணெய் எதுவானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 168-இல் பத்து சதவீதம் போனாலும் 150-க்கு மேலேதான் நிற்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 55-க்குக் கீழே வர வேண்டும் என்கிறார்கள் இதய மருத்துவர்கள். சரியான அளவு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து) மாத்திரை எல்.டி.எல்.லைப் பாதிக்குப் பாதி குறைக்கும். மாத்திரையோடு சேர்த்து ஸ்டெரால் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும், அது உண்மை. துணைக்கு வரட்டும், மாற்றாக வேண்டாம்.

ஸ்டெரால் சேர்த்த பொருளோ கேப்சூலோ வாங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். நாளுக்கு 3 கிராமைத் தாண்டாதீர்கள். பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) உறிஞ்சப்படுவதும் இதனால் குறைவதால் கேரட், பூசணி, கீரை தினமும் தட்டில் இருக்கட்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். சைட்டோஸ்டெராலீமியா என்று ஒரு அரிய பரம்பரை நோய் உண்டு. அது உள்ளவர்கள் உடலில் தாவர ஸ்டெரால் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும், அவர்களுக்கு இது விஷம் மாதிரி. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குறைபாடு என்பதால், சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். பிள்ளையின் முழங்கையிலோ குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணிலோ மஞ்சள் கட்டிகள் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மாத்திரை போட்டால் தசை வலிக்கிறதா? தயவுசெய்து அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழிகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிட்டு அடுத்த ரத்தப் பரிசோதனை வரை மறைத்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.