எந்தப் பக்கமாகப் புறப்பட்டீர்கள்?

கனடாவின் மொன்றியல் நகருக்கு வடக்கே லோரன்ஷியன் மலைகளின் ஊடாக, பழைய புகையிரதத் தடத்தில் செல்லும் 'ப்தி த்ரேன் டு நோர்' பாதையில், ஸ்கீ எனும் நீண்ட பனிப்பலகைகளைக் காலில் கட்டிச் சறுக்கப் போய்த் திரும்பியவர்கள், தை, மாசி மாதங்களில் என் சிகிச்சை நிலையத்துக்கு வருவது வழக்கமாகிவிட்டது. எலும்பு முறிந்து வருபவர்கள் மிகக் குறைவு. விரல் நுனி வெளிறி மரத்துப் போயிற்று, பெருவிரலின் அடி வீங்கிவிட்டது, பாதி வழியில் கைகால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன் என்பவைதான் நான் கேட்கும் முறைப்பாடுகள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பக்கமாகப் புறப்பட்டீர்கள் என்பதையே.

அந்தக் கேள்வி விளங்குவதற்கு அந்தப் பாதையின் வரலாறு சிறிது தெரிந்திருக்க வேண்டும். 1876இல் மொன்றியலுக்கு வடக்கேயுள்ள சென்-ஜெரோம் என்ற ஊரை எட்டிய புகையிரதப் பாதை படிப்படியாக வடக்கே நீண்டு, 1909இல் மோன்-லோரியேயை அடைந்தது. கனேடியன் பசிபிக் நிறுவனம் நடத்திய இந்த வண்டியில், 1920களிலிருந்து வார இறுதிகளில் மொன்றியல்வாசிகள் ஸ்கீக்களைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினார்கள். நோர்வேயில் பிறந்து, இம்மலைகளில் பல பாதைகளை வெட்டித் திறந்து, 111 வயதுவரை வாழ்ந்து 1987இல் மறைந்த ஹேர்மன் ஸ்மித்-யொஹான்சன் போன்றவர்களின் காலத்தில், ஒரு நிலையத்தில் இறங்கிக் காட்டு வழியே சறுக்கிச் சென்று, இன்னொரு நிலையத்தில் வண்டி பிடித்து வீடு திரும்ப முடிந்தது. வண்டிகள் நின்று, தண்டவாளங்களும் அகற்றப்பட்ட பிறகு, 1996இல் இது பொதுமக்களுக்கான பாதையாகத் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் தெற்கே சென்-ஜெரோமுக்கும் வடக்கே மலைமேல் உள்ள வால்-டேவிட்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 42 கிலோமீற்றர் பகுதியை இயந்திரத்தால் சீராக்கி ஸ்கீக்கு விடுகிறார்கள். பழைய நிலையக் கட்டடங்கள் சில இன்றும் நிற்கின்றன. ஆனால் களைத்தவரை ஏற்றிக்கொண்டு போக வண்டி எதுவும் வராது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், புகையிரதப் பாதை அமைப்பவர்கள் செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்த்து, பொதுவாக நூறு மீற்றருக்கு ஓரிரு மீற்றர் என்ற அளவில்தான் உயர விடுவார்கள். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. தொடைக்கும் தோளுக்கும் தெரியும். வால்-டேவிட்டிலிருந்து தெற்கே புறப்படுபவர் பெரும்பாலும் இறக்கத்திலேயே போகிறார் என்பதை உணராமல், தான் நன்றாகப் பழகிவிட்டதாக நம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தாண்டிவிடுகிறார். திரும்பும்போது அதே தூரம் ஏற்றமாகிறது. சில நாட்களில் எதிர்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மலைச்சரிவில் சறுக்குபவருக்கு இறக்கத்தில் கிடைக்கும் ஓய்வும் இங்கே இல்லை. கையும் காலும் இடைவிடாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே புதியவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஏறத் தொடங்கி, உடம்பில் பாதிப் பலம் மிஞ்சியிருக்கும்போதே திரும்ப வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

களைப்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வியர்வை. இந்த விளையாட்டில் உடல் பெருமளவு வெப்பத்தை உண்டாக்குவதால், தடித்த பருத்திச் சட்டையும் கனத்த மேலங்கியும் அணிந்து போனவர் அரை மணிக்குள் நனைந்துவிடுவார். நின்றவுடன் அந்த ஈரமே வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும். உள்ளுடல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் நடுக்கத்தோடு பேச்சுக் குழறலும் தடுமாற்றமும் வரும். அந்த நிலையில் ஒருவர் தான் நலமாக இருப்பதாகவே சாதிப்பார். புறப்படும்போது சற்றுக் குளிர்வது போல் இருந்தால்தான் உடை சரியானது என்பதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது எளிதல்ல. பிள்ளையை ஐந்து சட்டைகளால் சுற்றி அனுப்பும் அம்மாமார் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் இதை இருமுறை வாசிக்க வேண்டும். தென்னாசியர்களுக்கு நீரிழிவும் இதயக் குருதிக்குழாய் நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. நாற்பது வயதில் முதன்முறை ஸ்கீ கட்டும் தமிழர் பலர் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் வரும் நடுக்கமும் குழப்பமும் குளிரால் வருபவற்றைப் போலவே இருப்பதால், கூட வந்தவர் குளிர் என்று நினைத்துப் போர்வையைத் தேடிக்கொண்டிருப்பார். சர்க்கரை அளக்கும் கருவி கடுங்குளிரில் வேலை செய்யாமல் போகலாம். உறைந்த இன்சுலின் பயனற்றது. இரண்டையும் உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருக்க வேண்டும். குளிரில் குருதிக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்வதால், நடக்கும்போதே நெஞ்சு இறுகுபவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஸ்கீயைத் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு மெதுவாகத் தொடங்கினால் போதும்.

காற்றோடு சேர்த்துக் கணிக்கும் குளிர் அளவு மைனஸ் 28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையக்கூடும். மரத்துப்போன விரலைப் பனியால் தேய்ப்பது பழைய தவறு. அது திசுவை மேலும் சிதைக்கும். மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்ட நீரிழிவுக்காரர் அந்த நீரின் சூட்டைத் தன் காலால் சோதிக்காமல், பிறர் கையால் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பெருவிரல் வீக்கத்துக்குக் காரணம் எளியது. விழும்போது ஊன்றுகோலை இறுகப் பிடித்திருப்பதால், பெருவிரலின் அடியில் உட்புறமாக உள்ள தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. விழுவது உறுதியானால் கோலை விட்டுவிடுங்கள். வீக்கம் இரண்டு நாளில் இறங்காவிட்டால், அல்லது பிடிமானம் தளர்ந்தால், உடனே காட்டுங்கள். முற்றாகக் கிழிந்த தசைநாருக்குச் சில வேளைகளில் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு வால்-டேவிட்டிலிருந்து இறங்கி, திரும்ப முடியாமல் பாதையோரத்தில் அமர்ந்துவிட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இந்தக் குளிர்காலத்தில் வேறு விதமாகப் போகிறார். ப்ரெவோவில் தொடங்கி வடக்கே ஏறுகிறார். மொன்-ரோலாண்டின் பழைய நிலையத்தில் மனைவி காரோடு காத்திருக்கிறார். அந்தக் காலத்துப் புகையிரதத்தின் வேலையைத் தான் பார்ப்பதாகவும், ஆனால் ஒருவரும் தனக்கு டிக்கெட் காசு தருவதில்லை என்றும் அந்த அம்மா சொன்னார்.